சமன்பாடு போட வருகிறது, கதைக் கணக்கு மட்டும் வரவில்லை: எட்டாம் வகுப்பு மகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

மாந்தோப்பு (கோவிந்தாபுரம்)

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாங்காய் வாங்கிப் பெட்டி போட்டு அனுப்புகிற தொழில். நாட்டிலேயே முதலில் மாங்காய் இறங்குகிற ஊர்களில் ஒன்று என்பதால் தை பிறந்தால் எனக்கு மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மகள் ஏழாவது வரை கேரளப் பள்ளியில் மலையாள மீடியம் படித்தாள். போன ஜூனில் தமிழ்நாட்டுப் பக்கம் தமிழ் மீடியத்தில் எட்டாவது சேர்த்தோம். வீட்டில் தமிழ்தான். படிக்கவும் ஓரளவு வரும். கணக்கில் கெட்டிக்காரி. 3எக்ஸ் + 5 = 20 என்று நேராகக் கொடுத்தால் பேனாவை எடுக்குமுன்னே 5 என்பாள். அதையே கதையாகக் கொடுத்தால் தடுமாறுகிறாள்.

நோட்டைப் பார்த்து அப்படியே தருகிறேன்.

முதல் கணக்கு: "ஒரு வியாபாரி தன்னிடமிருந்த மாம்பழங்களைச் சமமாகப் பிரித்து மூன்று கூடைகளில் வைத்தார். அதில் ஒரு பகுதியை விற்றார். மீதி 24 பழங்கள். முதலில் இருந்தவை எத்தனை?" அவள் எழுதியது: எக்ஸ் − எக்ஸ்/2 = 24, எக்ஸ் = 48. சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடை 36. "ஏம்மா 2 போட்டே, மூணு கூடைன்னு போட்டிருக்கே?" என்றால், "அப்படித்தானேப்பா இருக்கு" என்கிறாள். கவனமில்லை என்று சத்தம் போட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இரண்டாவது: "ஒரு பண்ணையில் ஓர் ஆளுக்கு 6 மாடுகள் வீதம் உள்ளன. ஆட்களின் எண்ணிக்கை ஆ, மாடுகளின் எண்ணிக்கை மா. சமன்பாடு எழுதுக." எழுதியது: 6மா = ஆ.

நான் பத்தாவதோடு நின்றவன். எங்கே தொடங்கலாம், சொல்லுங்கள்.

மெட்டு டீச்சர் (குமுளி)

அண்ணே, முதலில் பிள்ளையைத் திட்டாதீங்க. இருபது வருஷமா டியூஷன் எடுக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், கீழே கூடலூர், கம்பத்திலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாரிடமும் அந்த இரண்டாவது தப்பைப் பார்த்திருக்கிறேன். காலேஜ் படிக்கிறவங்களும் செய்வாங்க.

காரணம் இதுதான். "ஓர் ஆளுக்கு 6 மாடு" என்று வாசித்ததும் மனசு அதே வரிசையில் எழுதிவிடுகிறது: 6 மாடு, சமம், ஓர் ஆள். அவளுக்கு மா என்றால் மாடு. ஆனால் சமன்பாட்டில் மா என்பது மாடு இல்லை, மாடுகள் எத்தனை என்கிற எண். எழுத்து பொருளின் பெயரைச் சுருக்கி எழுதியது என்று நினைத்துவிட்டால் பிறகு எல்லாமே தலைகீழாகும்.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பண்ணையில் 5 பேர் இருந்தால் மாடு எத்தனை?" 30 என்பாள். "அந்த 5ஐயும் 30ஐயும் நீ எழுதினதில் போடு." 6 × 30 = 5 என்று வரும். அவளே அழித்துவிட்டு மா = 6ஆ என்று எழுதுவாள். நான் இதுவரை யாருக்கும் வாயால் திருத்திச் சொன்னதில்லை. எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்வதோடு சரி.

சமக்குறியையும் ஒரு தடவை பேசணும். பிள்ளைகளுக்கு அது "விடை இதோ" என்கிற குறி. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை விடச் சமமான இரண்டு பொருள் வேறு ஏது என்றுதான் காரணம் சொன்னார். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எடை. அவ்வளவுதான் அதன் பொருள்.

என்னிடம் ஒரு பழைய தராசு இருக்கிறது. ஒரு தட்டில் மூன்று தீப்பெட்டியும் இரண்டு புளியங்கொட்டையும், மறு தட்டில் ஒரு தீப்பெட்டியும் பத்துப் புளியங்கொட்டையும். எல்லாத் தீப்பெட்டியிலும் ஒரே அளவு கொட்டை, ஆனால் எத்தனை என்று சொல்லமாட்டேன். (வெறும் அட்டையின் எடை ஏமாற்றிவிடும், அதனால் இலகுவான தட்டில் இரண்டு காலிப் பெட்டி சேர்த்து வைத்துவிடுவேன்.) பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒரு பெட்டி எடுப்பார்கள், இரண்டு பக்கமும் இரண்டு கொட்டை எடுப்பார்கள். மிச்சம் இரண்டு பெட்டி, எட்டுக் கொட்டை. ஒரு பெட்டியில் நாலு. திறந்து காட்டுவேன். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்கிற சூத்திரத்தை அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியதில்லை.

முதல் கணக்கில் ஏன் 2 போட்டாள் என்பது எனக்கும் புரியவில்லை. யோசிக்கிறேன்.

பழைய கணக்கர் (கொழிஞ்சாம்பாறை)

டீச்சர் மேல மரியாதை உண்டுங்க. ஆனா எட்டாவது புள்ளைக்கு இந்த எழுத்தெல்லாம் எதுக்குங்க? மாம்பழக் கணக்குல எக்ஸே வேண்டாம். மூணு கூடையில ஒண்ணு போச்சு, மிச்சம் ரெண்டு. ரெண்டு கூடைக்கு 24, ஒரு கூடைக்கு 12, மூணுக்கு 36. முடிஞ்சுது.

மில்லுல முப்பத்திரண்டு வருசம் கணக்கு எழுதினேன். பின்னாலிருந்து முன்னால போறதுதான் நம்ம வழி. கூட்டினதைக் கழி, பெருக்கினதை வகு. ஆரியபட்டர் 499லயே இந்தத் தலைகீழ் முறையை ஒரே சுலோகத்துல சொல்லி வெச்சிருக்காருங்க.

ஆட்டோவுக்கு 90 ரூபா குடுத்தீங்க. முதல் ஒண்ணரை கிலோமீட்டருக்கு 30, அப்புறம் கிலோமீட்டருக்கு 15ன்னு வெச்சுக்குங்க. 90ல 30 போனா 60. பதினஞ்சால வகுத்தா 4. ஒண்ணரையைச் சேர்த்தா அஞ்சரை கிலோமீட்டர். இதுக்கு எங்கீங்க எக்ஸ்?

சொசைட்டிப் பால் (சித்தூர்)

கணக்கர் ஐயாவுக்கு எங்கள் வேலையிலிருந்து ஒன்று. கேனில் 40 லிட்டர் பசும்பால், கொழுப்பு 3.5 சதவீதம். எருமைப்பால் 6.5 சதவீதம். ஸ்டாண்டர்டு பாலுக்குக் கொழுப்பு 4.5 வேண்டும். எருமைப்பால் எத்தனை லிட்டர் சேர்ப்பது?

நான் போடுவது இப்படி. சேர்ப்பது க லிட்டர். உள்ளே போகிற கொழுப்பும் கலந்த பிறகு இருக்கிற கொழுப்பும் ஒன்றாகத்தான் இருக்கணும்:

3.5 × 40 + 6.5க = 4.5 × (40 + க)
140 + 6.5க = 180 + 4.5க
2க = 40
க = 20

தெரியாத அளவு இரண்டு பக்கமும் நிற்கிறது. பின்னாலிருந்து எப்படிப் போவது?

பழைய கணக்கர் (கொழிஞ்சாம்பாறை)

போகலாமுங்க. நாலரைக்கும் மூணரைக்கும் வித்தியாசம் 1. ஆறரைக்கும் நாலரைக்கும் வித்தியாசம் 2. மாத்திப் போடுங்க: பசும்பால் 2 பங்கு, எருமைப்பால் 1 பங்கு. 40க்கு 20. பருத்தி கலக்கறப்ப நாங்க தினமும் போட்ட கணக்குங்க இது.

மெட்டு டீச்சர் (குமுளி)

ஐயா, அருமை. மறுப்பே இல்லை. இன்னொன்று: "அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 வருடம் கழித்து இரண்டு மடங்கு. மகளுக்கு இப்போது என்ன வயது?"

பழைய கணக்கர் (கொழிஞ்சாம்பாறை)

வயசு வித்தியாசம் என்னிக்கும் மாறாது. இப்ப வித்தியாசம் மகள் வயசைப் போல ரெண்டு மடங்கு. 12 வருசம் கழிச்சு அதே வித்தியாசம் மகள் வயசுக்குச் சமம். அப்ப 12 வருசத்துல மகள் வயசு ரெட்டிப்பாகுது. மகளுக்கு 12, அம்மாவுக்கு 36.

மெட்டு டீச்சர் (குமுளி)

ஐயா, நீங்க இதுவரை மூணு கணக்குக்கு மூணு வித்தை காட்டினீங்க. ஆட்டோவுக்குத் தலைகீழ், பாலுக்குக் கலப்பு விதி, வயதுக்கு மாறாத வித்தியாசம். முப்பத்திரண்டு வருஷம் தொட்டுத் தொட்டு வந்த கை அது. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. சமன்பாட்டில் மூணுக்கும் ஒரே வழி: தெரியாததற்குப் பெயர் வை, கதை சொல்வதை அப்படியே எழுது, எங்கே இரண்டு அளவு ஒன்றாக இருக்கிறது என்று கண்டுபிடி.

வயதுக் கணக்கில் மகள் க, அம்மா 3க. 12 வருடம் கழித்து 3க + 12 = 2(க + 12). பிள்ளைகள் அடைப்புக்குறி இல்லாமல் 3க + 12 = 2க என்று எழுதுவார்கள். "12 வருஷத்தில் அம்மாவுக்கு மட்டும்தான் வயசு ஏறுமா? மகள் அப்படியே நிற்பாளா?" என்று கேட்டால் போதும்.

தெரியாதது கதையில் ஒரே இடத்தில் வந்தால் ஐயா சொன்ன தலைகீழ் வழிதான் சுருக்கம், நானும் அதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் திரும்பிப் போக ஒரே பாதை கிடையாது. அங்கேதான் எழுத்து தேவைப்படுகிறது.

அப்புறம், எழுத்து எக்ஸாகத்தான் இருக்கணும் என்று இல்லை. எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்ட்டிடமிருந்து பரவியது. அதற்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் முன்னாலேயே நம் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் முதல் தெரியாத எண்ணை "யாவத்தாவத்" என்றார், "எவ்வளவோ அவ்வளவு" என்று பொருள். அடுத்தடுத்ததற்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நீலம் என்றால் யாரும் மாடு என்று நினைக்கமாட்டார்கள் அல்லவா?

பழைய கணக்கர் (கொழிஞ்சாம்பாறை)

ஒத்துக்கறேனுங்க. என் பேரனுக்கு நான் கலப்பு விதி சொல்லிக் குடுத்தேன், ரெண்டு வாரத்துல எதை எதோட மாத்திப் போடறதுன்னு மறந்துட்டான். அந்த அடைப்புக்குறி விசயத்தை அவங்கிட்டக் கேட்டுப் பாக்கறேன்.

போடி ஏலம் (போடிநாயக்கனூர்)

நம்ம ஏலக்காய்த் தொழிலிலிருந்து ஒண்ணு சொல்றேன். இதைக் கேட்டால் பெரியவங்களே தப்பாச் சொல்லுவாங்க.

வண்டன்மேட்டுப் பக்கம் பறிச்ச பச்சைக்காய் 100 கிலோ. அதில் 82 சதவீதம் தண்ணீர்னு வெச்சுக்குவோம். ஸ்டோரில் போட்டுச் சூடு காட்டி 10 சதவீதம் ஈரம் வரைக்கும் உலர்த்துறோம். கையில் எத்தனை கிலோ நிக்கும்? நிறையப் பேர் 82ல் 10 போக 72 கிலோ குறையும், 28 கிலோ நிக்கும்பாங்க. தப்பு.

எது மாறலைன்னு பாருங்க. தண்ணீர்தான் போகுது, காயின் சக்கை அப்படியே இருக்கு. 100 கிலோவில் சக்கை 18 கிலோ. உலர்ந்த காய் க கிலோன்னா அதில் 90 சதவீதம் சக்கை. 0.9க = 18. க = 20. அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்னு எங்க அப்பா காலத்திலிருந்து சொல்ற கணக்கு இதுதான். எனக்கு அது வெறும் வழக்கமாத்தான் தெரிஞ்சுது. சமன்பாடா எழுதிப் பார்த்த அன்னைக்குத்தான் ஏன் அஞ்சுன்னு புரிஞ்சுது. மழை நேரத்தில் காயில் ஈரம் 85 ஆச்சுன்னா சக்கை 15, 0.9க = 15, பதினேழு கிலோகூட நிக்காது. பச்சைக்காய் விலை பேசுறப்ப இது தெரியலைன்னா கைப்பணம் போகும்.

பில்லிலும் இதே மாதிரி ஒரு குழி இருக்கு. 5 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 8,400 ரூபாய். காயின் விலை என்ன? 8,400க்கு 5 சதவீதம் 420, கழிச்சால் 7,980ன்னு எழுதுவாங்க. வரி போட்டது 8,400 மேலயா? இல்லை, தெரியாத அந்த விலை மேல. க + 0.05க = 8,400, க = 8,000. கடைக்கு வர்ற புதுப் பையன்களுக்கு முதல் நாளே இதைப் போடச் சொல்லிடுவேன்.

மார்த்தாண்டம்காரி

மாந்தோப்பு அண்ணா, இழையை முதலிலிருந்து வாசித்தேன். எல்லாரும் இரண்டாவது கணக்குக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மகளின் முதல் கணக்கில் தப்பே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

"அதில் ஒரு பகுதியை விற்றார்." தமிழில் பகுதி என்றால் ஒரு பங்கு. மலையாளத்தில் பகுதி என்றால் பாதி! ஏழு வருஷம் மலையாளத்தில் கணக்குப் படித்த பிள்ளை. "பகுதி" என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் கை 2 என்றுதான் எழுதும். பாதியை விற்றார், மீதி 24, ஆக 48. அவள் வாசித்த கதைக்கு அவள் எழுதிய சமன்பாடு முழுக்கச் சரி.

நான் வளர்ந்தது கேரள எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். பள்ளியில் "வெள்ளம் வடிந்தது" என்று பாடத்தில் வந்தபோது குடத்துத் தண்ணீர் கீழே போய்விட்டது என்று நினைத்தவள் நான். வட்டியைப் பலிசை என்போம். அதனால்தான் இது கண்ணில் பட்டது. அவளிடம் கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.

மெட்டு டீச்சர் (குமுளி)

அக்கா, கை கூப்புகிறேன். எல்லையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சொல்லித் தந்தும் எனக்கு இது தோன்றவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப் பாடநூலில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மலையாளத்தில் அவை அம்சம், சேதம். ஆக அந்தப் பிள்ளைக்குப் "பகுதி" மூன்று பொருளில் வருகிறது: பாதி, பங்கு, பின்னத்தின் அடி எண்.

நான் எப்போதும் சொல்வது "விடையைக் கதையில் போட்டுச் சரிபார்." இங்கே அதுவும் கைகொடுத்திருக்காது. 48இல் பாதி விற்றால் மீதி 24 வரத்தான் செய்யும், அவளுக்குச் சரியாகவே பட்டிருக்கும். எண்ணைப் போட்டுப் பார்ப்பது சமன்பாட்டின் தப்பைக் காட்டும், வாசிப்பின் தப்பைக் காட்டாது. இனி என் வகுப்பில், எழுதுவதற்கு முன் கணக்கை உன் பேச்சில் எனக்குச் சொல்லு என்று கேட்கப்போகிறேன்.

மாந்தோப்பு (கோவிந்தாபுரம்)

மார்த்தாண்டம் அக்கா, இதை எழுதும்போது கண் கலங்குகிறது. நேற்று ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தக் கதையை எனக்குச் சொல்லு கண்ணு" என்றேன். "ஒரு வியாபாரி மூணு கூடையில மாம்பழம் வெச்சாரு, அதுல பாதி வித்துட்டாரு" என்றாள். பாதி என்றுதான் சொன்னாள். பகுதி என்பதற்குத் தமிழில் வேறு பொருள் என்று சொன்னதும் நோட்டைப் பிடுங்கி எக்ஸ் − எக்ஸ்/3 = 24 என்று எழுதி 36 போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் சொற்களை எழுதி வைக்கிறோம். சமவாக்கியம் என்றால் சமன்பாடு, பலிச என்றால் வட்டி. கால், அரை, முக்கால், மடங்கு, சராசரி எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான் என்று தெரிந்ததில் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. மாட்டுக் கணக்குக்கு டீச்சர் சொன்னபடி 5 பேர் என்று கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் அழித்து எழுதினாள்.

சொசைட்டிப் பால் (சித்தூர்)

அண்ணா, அந்தச் சொல் பட்டியலை முடிந்தால் இங்கே போடுங்கள். எங்கள் தெருவில் நாலு பிள்ளைகளுக்கு உதவும்.

மாந்தோப்பு (கோவிந்தாபுரம்)

பட்டியல் இன்னும் முடியவில்லை, கட்டாயம் போடுகிறேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குடோனுக்கு அவளும் வந்தாள். மாங்காய் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்தேன், 22 கிலோ. பாதி மாங்காயை எடுத்துவிட்டு வைத்தேன், 12 கிலோ. "காலிப் பெட்டி எத்தனை கிலோ, எடை போடாமல் சொல்லு" என்றேன். "பாதியா, பங்கா?" என்று கேட்டுக்கொண்டாள். பாதிதான் என்றேன். அட்டையில் எழுதினாள்: பெட்டி நீலம், மாங்காய் மஞ்சள். டீச்சர் சொன்ன பாஸ்கரர் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

நீலம் + மஞ்சள் = 22
நீலம் + மஞ்சள்/2 = 12
மஞ்சள்/2 = 10
மஞ்சள் = 20, நீலம் = 2

பெட்டியைக் கவிழ்த்துத் தராசில் வைத்தோம். 1.9 காட்டியது. முகம் வாடிவிட்டது. தராசு தப்பா என்று கேட்டாள், படிக்கல் வைத்துக் காட்டினேன், தராசு சரி. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா, நீங்க பாதின்னு எண்ணித்தானே எடுத்தீங்க? எடை போட்டு எடுக்கலையே" என்றாள்.

எண்ணித்தான் எடுத்தேன். பெரிய காய்கள் அடியில் இருந்தன. இருந்த மாங்காய் 20.1 கிலோ, நான் எடுத்தது 10, பெட்டியில் நின்றது 10.1 என்று அவளே கணக்குப் போட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.